யூரிக் அசிட் குளிசையும் என்ர கால்ல வந்த ஊதாப் புள்ளியளும்

கால்ல புள்ளி கண்ட முதல் நாளே "அதுக்கு மேல ஒரு கண்ணாடிக் கிளாஸை வைச்சு அமத்திப் பார், சிவப்பு மறையேல்லை எண்டா அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, புதுசா ஏதும் குளிசை போடுறியெண்டா அதையும் கையோட கொண்டு போ" எண்டு ஆரும் ஒருத்தர் எனக்குச் சொல்லியிருந்தா ஒன்பது நாள் மிஞ்சியிருக்கும், வருத்தம் கிட்னி வரைக்கும் போயிருக்காது. சொல்ல ஆக்கள் இருக்கேல்லை. அதுதான் இப்ப நான் எழுதுறன். எனக்கு வந்தது குருதிக்கலன் அழற்சி, இரத்தக் குழாயளின்ர சுவரில வாற வருத்தம், யூரிக் அசிட்டுக்குப் போட்ட குளிசையால வந்தது. நான் டொக்டர் இல்லை, வன்னியில விசுவமடுப் பக்கம் வயல் செய்யிற ஆள், இடைக்கிடை வோட்டர் பம்ப் திருத்திக் குடுப்பன். எனக்கு நடந்ததையும் வாட்டில டொக்டர்மார் சொன்னதில எனக்கு விளங்கினதையும் மட்டும்தான் சொல்லுறன்.

எனக்கு கவுட் எண்ட மூட்டு வருத்தம் வந்தது 44 வயசில. எங்கட பக்கம் அதை ஆரும் கவுட் எண்டு சொல்லுறேல்லை, யூரிக் அசிட் எண்டுதான் சொல்லுறது. நெல்லுச் சூடு அடிச்சுப்போட்டு வந்து படுத்தனான், சாமம் ஒரு மணி போல வலது கால் பெருவிரல் மூட்டு நெருப்பு வைச்ச மாதிரி எரிஞ்சுது, சாரத்தின்ர நுனி பட்டாலே உயிர் போகும், விடிய எழும்பிப் பாத்தா விரல் வீங்கி மினுங்குது. ஒரு கிழமையில தானா வத்திப் போச்சு. பேந்து வருசத்துக்கு மூண்டு நாலு தரம் வரும். வந்தா ஒரு பிறைவேட் இடத்தில டைக்குளோபினாக் எண்ட நோ ஊசி ஒண்டு போடுவன், பார்மசியில அதே மருந்துக் குளிசை பத்து வாங்குவன், இரண்டு நாளில வயலுக்குள்ள இறங்கிடுவன். இப்பிடியே நாலு வருசம். இடையில பிரசருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் எண்ட குளிசையும் தொடங்கினவை. அந்தக் குளிசை சலத்தைப் போக்காட்டி பிரசரைக் குறைக்கும், ஆனா உடம்பில யூரிக் அசிட்டைக் கூட்டும் எண்டது எனக்குத் தெரியாது. பிரசர் தாற இடத்தில நான் கவுட் கதையைச் சொல்லேல்லை, கவுட்டுக்கு ஊசி போடுற இடத்தில பிரசர் குளிசையைப் பற்றிச் சொல்லேல்லை, இரண்டும் வேற வேற வருத்தம் எண்டு நினைச்சிட்டன். பின்னுக்கு வந்த பிரச்சினை முழுக்க அந்த இடைவெளிக்குள்ளாலதான் வந்தது.

2022 கார்த்திகை. அந்த வருசம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், டீசலுக்கும் லைன், பசளையும் இல்லை, ஆஸ்பத்திரியில மருந்தும் தட்டுப்பாடு. மனிசி அந்த ஆனியிலதான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவா, மகன் கொழும்பில கடையொண்டில வேலை, நான் தனிய. வயல் விதைச்சு ஒரு மாசம் போயிருக்கும், பெருவிரலோட சேந்து குதிக்காலுக்கு மேலயும் கவுட் வந்திட்டுது, எட்டு நாளா வத்தேல்லை. தனியார் லாப்பில இரத்தம் குடுத்துப் பாத்தன், யூரிக் அசிட் 9.4. ஆம்பிளையளுக்கு 7க்கு மேல போகக் கூடாது எண்டு ரிப்போட்டிலயே போட்டிருந்தது. அந்தத் துண்டோட நேரா பார்மசிக்குப் போனன். அங்க நிண்ட தம்பி பாத்திட்டு "அண்ணை இதுக்கு அலோபியூரினோல் போட்டா இறங்கும், 100 மில்லிகிராம் இல்லை, 300தான் கிடக்கு, அதே மருந்துதான், நாளுக்கு ஒண்டு போடுங்கோ" எண்டார். எனக்கும் அது சுகமான வழியாத்தான் பட்டுது. டொக்டரிட்டப் போனா பஸ்சுக்குக் காசு, டொக்டரைச் சனல் பண்ணுற காசு, அரை நாள் வேலை. ஒரு மாசத்துக்கு வாங்கிக்கொண்டு வந்திட்டன். அந்தத் தம்பியில மட்டும் பிழை எண்டு நான் சொல்லமாட்டன், டொக்டரின்ர துண்டு இல்லாமக் கேட்டு வாங்கினது நான்தான்.

இந்த இடத்தில நிண்டு சில விசயம் சொல்லோணும். அலோபியூரினோல் கூடாத மருந்தில்லை. 1966 இல இருந்து பாவனையில இருக்கிற மருந்து, அதைக் கண்டுபிடிச்சவைக்கு 1988 இல நோபல் பரிசே குடுத்தவை, உலகம் முழுக்க கவுட்காரருக்கு யூரிக் அசிட்டை இறக்க முதல் குடுக்கிறது இதைத்தான். ஆனா அதைத் தொடங்கிற விதம் இருக்கு. நாளுக்கு 100 மில்லிகிராமோ அதுக்குக் குறையவோ தொடங்கி, இரத்தம் பாத்துப் பாத்து மெல்ல மெல்லக் கூட்டிறது, கிட்னி பலவீனம் எண்டா இன்னும் குறைச்சுத் தொடங்கிறது. அதனால தொடங்க முதல் கிரியேற்றினின் எண்ட கிட்னி ரெஸ்ற் கட்டாயம் செய்யோணும். நான் செய்யேல்லை. யூரிக் அசிட் துண்டுக்குக் குடுத்த காசோட இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா அதையும் பாத்திருக்கலாம். இன்னொண்டு, இந்தக் குளிசை தொடங்கின முதல் மாசங்களில கவுட் அடிக்கடி கூட வரலாம், ஏனெண்டா மூட்டுக்குள்ள படிஞ்சு கிடக்கிற யூரிக் அசிட் உப்பு கரையேக்க கலைஞ்சு எழும்பும், அதுக்குத்தான் கொல்ச்சிசின் மாதிரி ஒரு மருந்தைச் சின்ன அளவில மூண்டு தொடக்கம் ஆறு மாசம் சேத்துக் குடுக்கிறவை. எனக்கு அது தெரியாததால முதல் கிழமையிலேயே முழங்கால் வீங்கினவுடன "மருந்து வேலை செய்யுதில்லை" எண்டு நினைச்சு டைக்குளோபினாக்கையும் சேத்துப் போட்டன். கிட்னிக்கு எது கூடாதோ அதெல்லாத்தையும் ஒரே நேரத்தில நான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறன்.

குளிசை தொடங்கிப் பத்தொன்பதாம் நாள். களை பிடுங்கிற ஆக்களோட வயலுக்குள்ள நிண்டுபோட்டு பின்னேரம் கிணத்தடியில கால் கழுவேக்கதான் கண்டன், இரண்டு கணுக்காலையும் சுத்தி சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி, குண்டூசித் தலை அளவு. முசுறு கடிச்சதெண்டு நினைச்சன். ஆனா அரிப்பு இல்லை, சொறிய மனம் வரேல்லை, ஒரு மாதிரி எரிஞ்சுது. விரலால தடவினா மணல் ஒட்டினது மாதிரி மேல எழும்பி நிண்டுது. அடுத்த நாள் கெண்டைக்கால் வரைக்கும் ஏறிட்டுது, சிவப்பு ஊதாவாப் போச்சு, சிலது சேந்து பயத்தங்கொட்டை அளவுக்கு வந்திட்டுது. இரண்டு கணுக்கால் மூட்டும் வீங்கி நோகத் தொடங்கிச்சு. நான் பிழை விட்ட இடம் இதுதான். கணுக்கால் நொந்தவுடன எனக்குக் கவுட்டைத் தவிர வேற ஒண்டும் மண்டைக்குள்ள வரேல்லை. நாலு வருசம் கவுட்டோட இருந்தவனுக்கு கால்ல எது வந்தாலும் கவுட்தான். அதால அலோபியூரினோலை நிப்பாட்டேல்லை, "இன்னும் யூரிக் அசிட் இறங்கேல்லைப் போல" எண்டு சொல்லிச் சொல்லி ஒவ்வொரு நாளும் இரவு ஒண்டு விழுங்கினன். பேந்து வாட்டில டொக்டர் சொன்னவர், கவுட் வழமையா ஒரு மூட்டில, திடீரெண்டு, சாமத்தில வரும், இரண்டு கணுக்காலும் ஒரே அளவா வீங்கி கால் முழுக்கப் புள்ளியும் வந்தா அது கவுட்டா இருக்கச் சந்தர்ப்பம் குறைவு எண்டு. குருதிக்கலன் அழற்சியிலயும் மூட்டு நோகும், அதுதான் கவுட்காரர் ஏமாறுற இடம்.

கண்ட ஆக்கள் எல்லாரும் ஒவ்வொண்டு சொல்லிச்சினம். பக்கத்து வளவு அண்ணை "மருந்தடிச்ச வயலுக்குள்ள வெறுங்காலோட நிண்டனியெல்லே, பூச்சி மருந்து" எண்டார். பெரியம்மா ஒராள் கரப்பான் எண்டு சொல்லி நொச்சி இலை அவிச்சுத் தந்தா, அந்தச் சுடுதண்ணியில காலை வைக்க இன்னும் எரிஞ்சுது. வேறொராள் எலிக்காய்ச்சல் எண்டார், அது நியாயமான பயம்தான், மாரியில வயலுக்குள்ள நிக்கிற ஆக்களுக்கு அது வாறது. எனக்கு உள்ளுக்குள்ள இருந்த பயம் வேற. 2009 சண்டையில பட்ட எறிகணைத் துண்டு ஒண்டு இடது கெண்டைக்காலுக்குள்ள இன்னும் கிடக்கு, எடுக்கேலாது எண்டு விட்டது. அது இப்ப பழுதாகி விசமாகுதோ எண்டு இரவிரவா யோசிச்சுக்கொண்டு கிடந்தன். வன்னியில கால் நோ எண்டு சொன்னா ஒவ்வொருத்தருக்கும் பழைய காரணம் ஒண்டு கிடக்கும், அதனாலயே புதுக் காரணத்தைத் தேட மறந்திடுறம்.

நாலாம் நாள் காய்ச்சலும் வந்திட்டுது. மார்கழி மாசம் காய்ச்சலும் சிவப்புப் புள்ளியும் எண்டா எங்கட பக்கம் டெங்கு எண்டுதான் முதல் பாப்பினம், அதுவும் சரிதான், பாக்கத்தான் வேணும். பிறைவேட்டில காட்டினன், இரத்தம் எடுத்தவை, பிளேட்லெட் இரண்டு லட்சத்து நாப்பதாயிரம். "டெங்கு இல்லை, பயப்பிடாதேங்கோ, அலர்ஜி" எண்டு சொல்லி அரிப்புக்குப் போடுற குளிசை தந்துவிட்டினம். ஆறுதலா வீட்டை வந்து சோறு சாப்பிட்டன். இப்ப யோசிச்சா அந்த நல்ல ரிப்போட்தான் எனக்கு ஐஞ்சு நாளைத் திண்டது. ஏனெண்டா பிளேட்லெட் சரியா இருக்கேக்க ஏன் தோலுக்குக் கீழ இரத்தம் கசியுது எண்டு ஆரும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை. பிளேட்லெட் குறைஞ்சு வாற புள்ளி தோலோட தட்டையாக் கிடக்கும், தடவினா ஒண்டும் தெரியாது. என்ர புள்ளியள் கையில தட்டுப்பட்டுது. டெங்கு இல்லையெண்டு ரிப்போட் வந்தா உடன சந்தோசப்பட்டு எழும்பி வந்திடாதேங்கோ, "அப்ப இது என்ன" எண்டு அந்தக் கதிரையில இருந்தே கேளுங்கோ. மற்றது, அங்கயும் என்னட்ட வேற என்ன குளிசை போடுறாய் எண்டு கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. கேக்காட்டியும் சொல்லோணும்.

எட்டாம் நாள் விடிய சலம் பிளேன் ரீ நிறத்தில போச்சு. நுரையும். தண்ணி குடிக்கக் காணாது எண்டு இரண்டு போத்தல் குடிச்சன், மாறேல்லை. அண்டைக்கு இரவு மனிசி குவைத்தில இருந்து வீடியோவில வந்தவா. நான் அவவுக்கு ஒண்டும் சொல்லாமத்தான் இருந்தனான், தூரத்தில இருந்து அழுறதைத் தவிர என்ன செய்வா எண்டு. ஆனா நான் எழும்பி லைற் போடப் போன நடையில பிடிச்சிட்டா. "இஞ்சருங்கோ, ஏன் நொண்டுறியள்?" எண்டா. கவுட் எண்டன். "காலைக் காட்டுங்கோ" எண்டா. காட்டினன். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு மெதுவா "நாளைக்கு விடிய நீங்கள் ஆஸ்பத்திரியில நிக்காட்டி நான் இஞ்ச வேலையை விட்டிட்டு வாறன்" எண்டு சொன்னா. அந்த வேலைக்குப் போக நாங்கள் பட்ட கடன் எங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும். அண்டைக்கு இரவு நான் அழுதிட்டன். அண்டைக்கும் குளிசையை விழுங்கிப்போட்டுத்தான் படுத்தன், அதை நினைக்க இப்பவும் நெஞ்சு பதறும்.

விடிய ஓட்டோ பிடிச்சு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனன். ஓபிடியில இருந்தது சின்ன வயசு டொக்டர் பிள்ளை ஒண்டு. என்ர காலைக் கண்ட உடன மேசையில கிடந்த கண்ணாடித் தட்டை எடுத்து ஒரு புள்ளிக்கு மேல வைச்சு அமத்திப் பாத்தா. நிறம் மறையேல்லை. "ஐயா, கடைசி இரண்டு மாசத்துக்குள்ள புதுசா என்ன மருந்து தொடங்கினீங்கள்?" எண்டு கேட்டா. அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் ஒன்பது நாள் காத்திருந்திருக்கிறன். குளிசை மட்டையை எடுத்துக் குடுத்தன், நல்ல வேளை அது சேட் பொக்கற்றுக்குள்ள கிடந்தது. பேரை வாசிச்சிட்டு "இதை இனி வாழ்க்கையில போடாதேங்கோ" எண்டா. சலம் பாத்தவை, இரத்தமும் புரதமும் போகுது. கிரியேற்றினின் 1.9, வழமையா 1.3க்குள்ள இருக்கவேண்டியது. அண்டைக்கே வாட்டில போட்டு, அடுத்த நாள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு மாத்திவிட்டவை. அம்புலன்சுக்குள்ள படுத்துக்கொண்டு ஆனையிறவு தாண்டேக்க கண்ணாடிக்குள்ளால உப்பளம் தெரிஞ்சுது, மனிசியை நினைச்சன், திரும்ப இந்த வழியால நடந்து வருவனோ எண்டு ஒரு யோசனை.

அங்க எனக்கு விளங்கப்படுத்தினது இதுதான். இரத்தம் ஓடுற சின்னச் சின்னக் குழாயளின்ர சுவர் அழற்சியாகி வெடிக்கிறது, அதுக்குள்ளால இரத்தம் கசிஞ்சு தோலுக்குக் கீழ நிக்கிறதுதான் அந்த ஊதாப் புள்ளி. இரத்தம் குழாயை விட்டு வெளியில நிக்கிறதாலதான் அமத்தினா மறையாது, சாதாரண சிவப்பு எண்டா அமத்தேக்க இரத்தம் விலகி வெள்ளையாகும். காலுக்குக் கீழ்ப்பக்கம் இரத்தம் தேங்கிற இடம் எண்டதால அங்கதான் முதல் வரும், நிண்டு வேலை செய்தாக் கூடும். இதை வஸ்குலைற்றிஸ் எண்டு சொல்லுறவை. இதுக்குக் காரணம் கன விசயம் இருக்கு, கிருமித் தொற்று, ஹெப்பற்றைற்றிஸ் பி, சி எண்ட ஈரல் வருத்தங்கள், உடம்பு தன்னைத் தானே தாக்கிற வருத்தங்கள், மருந்துகள். மருந்து எண்டா தொடங்கி ஒண்டு தொடக்கம் மூண்டு கிழமைக்குள்ள வாறதுதான் வழமை. அலோபியூரினோலில கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் முதல் இரண்டு மாசத்துக்குள்ள வருமாம், அளவு கூடத் தொடங்கினதும், கிட்னி பலவீனமும், நான் போட்ட அந்தப் பிரசர் குளிசை வகையும் அந்த ஆபத்தைக் கூட்டிற காரணங்கள் எண்டு அங்க டொக்டர் சொன்னவர். மூண்டும் என்னட்ட இருந்தது. சீனர், தாய்லாந்துக்காரர், கொரியாக்காரர் மாதிரி சில இனத்தவருக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாத பரம்பரை அலகு ஒண்டு கூட இருக்கிறதால அவைக்கு மருந்து தொடங்க முதலே அதைச் சோதிச்சுப் பாக்கிறதும் இருக்காம்.

தோலில துண்டு எடுத்துப் பாக்கவேண்டி இருந்தது, பயொப்சி. விறைப்பு ஊசி போட்டு நாலு மில்லிமீற்றர் அளவில ஒரு வட்டத் துண்டு, ஒரு தையல், நோவே இல்லை, நான் பயந்ததுதான் கூட. ஆனா அதில ஒரு சிக்கல். எடுக்கிற புள்ளி புதுசா இருக்கோணும், வந்து ஒரு நாள் இரண்டு நாளுக்குள்ள, பழசில எடுத்தா சரியாத் தெரியாது. என்ர கால்ல புதுசும் பழசும் கலந்து கிடந்தது. கிளிநொச்சி வாட்டில நேர்ஸ் மிஸ் ஒராள் பேனையால புள்ளியளைச் சுத்தி வட்டம் போட்டு, வெளியில புதுசா வாறதைக் கவனியுங்கோ எண்டு சொல்லியிருந்தவா, அதனால வட்டத்துக்கு வெளியில வந்த ஒண்டைக் காட்டக் கூடியதா இருந்தது. இதை நீங்கள் வீட்டிலயே செய்யலாம், வட்டம் போட்டுத் திகதியோட ஃபோனில படம் எடுத்து வையுங்கோ, டொக்டருக்கு வாயால சொல்லுறதை விட அது நூறு மடங்கு உதவி. ரிப்போட் வர இரண்டு கிழமை எடுத்தது, லியூக்கோசைட்டோகிளாஸ்டிக் வஸ்குலைற்றிஸ் எண்டு போட்டிருந்தது, சின்னக் குழாய் அழற்சி எண்டதுதான் அர்த்தம். மற்ற காரணங்கள் இல்லையெண்டு உறுதிப்படுத்த ஈஎஸ்ஆர், சிஆர்பி, ஹெப்பற்றைற்றிஸ், ஏஎன்ஏ, ஆன்கா எண்டு கன ரெஸ்ற். அதில சிலது அந்த நேரம் வெளியில காசு குடுத்துச் செய்யவேண்டி வந்தது. கிட்னியிலயும் ஊசி விட்டுத் துண்டு எடுக்கவேண்டி வரலாம் எண்டவை, அண்டைக்கு இரவு நித்திரையே இல்லை. குளிசை நிப்பாட்டி, டைக்குளோபினாக் நிப்பாட்டி, பிரெட்னிசலோன் எண்ட ஸ்டீரொயிட் குளிசை தொடங்கி நாலாம் நாள் கிரியேற்றினின் இறங்கத் தொடங்கினதால அதை விட்டிட்டினம்.

பிரெட்னிசலோன் 40 மில்லிகிராமில தொடங்கி கிழமைக்குக் கிழமை குறைச்சுக் குறைச்சு இரண்டு மாசத்துக்கு மேல போட்டன். விடியச் சாப்பிட்ட பிறகுதான் போடோணும், பின்னேரம் போட்டா இரவு கண் மூடாது. இரண்டாம் கிழமை சீனி 190 போச்சு, முகம் உப்பிச்சு, சின்ன விசயத்துக்கெல்லாம் கோவம் வந்துது. புள்ளி எல்லாம் மறைஞ்சு சுகமெண்டு தெரியேக்க அதை ஒரே அடியா விட்டிடோணும் போல இருக்கும், செய்யாதேங்கோ. உடம்பு தானாச் சுரக்கிற ஸ்டீரொயிட்டை அந்தக் குளிசை படுக்கப் போட்டிருக்கும், திடீரெண்டு விட்டா ஆளே விழுந்திடுவம் எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லி அனுப்பினவை.

பக்கத்துக் கட்டிலில முள்ளியவளைப் பக்கத்து ஐயா ஒராள். அவருக்கு வஸ்குலைற்றிஸ் வேற காரணத்தில, நரம்பையும் தாக்கி ஒரு பாதம் தொங்கிப் போய்க் கிடந்தது. அவருக்கு அசத்தியோபிரின் எண்ட, உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியை அடக்கிற குளிசை தொடங்கப் போகேக்க டொக்டர் "யூரிக் அசிட்டுக்கு ஏதும் போடுறீங்களோ, ஒளிக்காமச் சொல்லுங்கோ" எண்டு மூண்டு தரம் கேட்டவர். ஏனெண்டு பிறகு நான் கேட்டுத் தெரிஞ்சன். அலோபியூரினோலும் அசத்தியோபிரினும் சேந்தா எலும்புக்குள்ள இரத்தம் ஊறுறதே நிண்டு உயிர் போகக் கூடுமாம், பெபுக்சோஸ்ரற் எண்ட மற்றக் கவுட் குளிசையும் அதோட சேரக் கூடாதாம். குருதிக்கலன் அழற்சிக்கு அசத்தியோபிரின் குடுக்கிறது வழமை எண்டதால கவுட்டும் இதுவும் சேந்து இருக்கிற ஆக்கள் இந்த ஒரு விசயத்தை நெஞ்சில எழுதி வையுங்கோ.

எந்த அறிகுறிக்கு விடியும் வரை நிக்கக் கூடாது எண்டதையும் சொல்லிவிடுறன். புள்ளியோட சலம் நிறம் மாறினா அல்லது நுரைச்சா, வயித்துக்குள்ள குத்து வந்து மலம் கறுப்பாப் போனா, கையோ காலோ விறைச்சுப் பாதம் தூக்கேலாமப் போனா, இருமலில இரத்தம் வந்தா, அது தோலோட நிக்கேல்லை எண்டு அர்த்தம். கவுட் குளிசை தொடங்கின பிறகு முகம் வீங்கினா, வாய்க்குள்ள புண் வந்தா, கண் சிவந்தா, கண் மஞ்சளாப் போனா, தோல் உரிஞ்சா அதுவும் அப்பிடித்தான். அந்தக் குளிசையை நிப்பாட்டிப்போட்டு அந்த நேரமே வெளிக்கிடுங்கோ. புள்ளி குறைஞ்சிட்டுது எண்டு திரும்ப ஒண்டு போட்டுப் பாக்கிற வேலை மட்டும் வேண்டாம், இரண்டாந்தரம் வந்தா முதலாந்தரத்தை விடக் கடுமையா வரலாம்.

செலவைச் சொல்லுறன், ஆஸ்பத்திரி இலவசம்தானே எண்டு சொல்லுற ஆக்களுக்காக. கட்டிலும் மருந்தும் டொக்டரும் இலவசம்தான், அதுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுறன். ஆனா முதல் ஒன்பது நாளில பிறைவேட்டுக்கும் லாப்புக்கும் பதினோராயிரம், வெளியில செய்த ரெஸ்ற்றுக்கு இருபத்தாறாயிரம், மகன் கொழும்பில இருந்து வந்து நிண்டதுக்கும் அவன்ர போன சம்பளத்துக்கும் முப்பதாயிரத்துக்குக் கிட்ட, பேந்து மாசம் மாசம் யாழ்ப்பாணம் கிளினிக்குக்குப் போய் வாற பஸ்சும் சாப்பாடும். எல்லாத்தையும் விட வயல். இரண்டாம் தர யூரியா போடவேண்டிய கிழமை நான் வாட்டில, அதுவும் அந்த வருசம் பசளை கிடைக்கிறதே பெரும் பாடு, வாங்கி வைச்ச பை வீட்டில கிடந்து கட்டியாப் போச்சு. ஏக்கருக்கு இருபத்தைஞ்சு மூட்டை அடிக்கிற காணி, அந்தக் காலபோக வெள்ளாமையில பதின்மூண்டுதான். மனிசியின்ர சங்கிலியை அடைவு வைச்சன். அவவிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வைச்சனான், அவ "கால் கிடக்கே, அது காணும்" எண்டா.

இப்ப பிரசருக்கு அந்தப் பழைய குளிசையை மாத்தி லொசார்ட்டான் தந்திருக்கினம், அது யூரிக் அசிட்டைக் கொஞ்சம் இறக்கவும் செய்யுமாம், ஒரே குளிசையில இரண்டு நன்மை. கவுட்டுக்கு ஆறு மாசம் ஒண்டும் தொடங்கேல்லை, பேந்து இதயவருத்தம் ஏதும் இருக்கோ எண்டு கேட்டு, ஈசிஜி எடுத்து, பெபுக்சோஸ்ரற்றைச் சின்ன அளவில தொடங்கினவை. முதல் இரண்டு மாசமும் ஒவ்வொரு நாளும் கிணத்தடியில காலைத் திருப்பித் திருப்பிப் பாப்பன், ஒரு நுளம்பு கடிச்சாலும் கிளாஸை எடுத்து அமத்துவன். ஒண்டும் வரேல்லை. யூரிக் அசிட் இப்ப 5.6, 6க்குக் கீழ வைச்சிருக்கோணும் எண்டது கணக்கு. கள்ளை விட்டிட்டன், நெத்தலிக் கருவாடும் ஈரலும் இறாலும் எப்பவாவது, சோடா தொடுறேல்லை, இனிப்புச் சோடாவும் யூரிக் அசிட்டைக் கூட்டும் எண்டது கன பேருக்குத் தெரியாது. ஆனா சாப்பாட்டை மட்டும் கட்டுப்படுத்தி 9.4 ஐ இறக்கலாம் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ, அது கொஞ்சந்தான் இறக்கும், மருந்து வேணும், முறையா வேணும். கவுட் வந்து நோகிற அந்த நேரத்தில இரத்தம் பாத்தா யூரிக் அசிட் சரியான அளவாவும் காட்டலாம், அதை வைச்சு கவுட் இல்லையெண்டு முடிவெடுக்காம நோ விட்டு இரண்டு கிழமையால திரும்பப் பாருங்கோ.

அடையாள அட்டைக்குப் பின்னால ஒரு சின்ன மட்டை வைச்சிருக்கிறன், "அலோபியூரினோல் ஒவ்வாது" எண்டு தமிழிலயும் சிங்களத்திலயும் இங்கிலீசிலயும் எழுதி வாட்டில கையெழுத்து வைச்சுத் தந்தது. கிளினிக் கொப்பியின்ர முதல் பக்கத்திலயும் சிவப்புப் பேனையால கிடக்கு. போன மாசம் பல்லுக் காட்டப் போன இடத்திலயும் கேக்க முதலே எடுத்து நீட்டினன். கணுக்காலைச் சுத்தி மண்ணிறத் தழும்பு இன்னும் போகேல்லை, கிரியேற்றினின் 1.3 இல நிக்குது, மூண்டு மாசத்துக்கொருக்கா சலம் பாக்கச் சொல்லியிருக்கினம், அடுத்த தரம் பாக்கிறது தை 14 தாண்டி வாற கிழமை, அறுவடைக்கு முதல் போய் வந்திடுவன்.